விலைக்கு வாங்கிய ஐந்து வருஷம்

கிளெம் ட்ரெலோர் ஒருநாள் காலையில் முன்பின் தெரியாத ஒருத்தனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பாவத்துக்கு இருபத்தைந்து வருஷம் அனுபவித்தான். அத்தனை வருஷமும் அவன் யாருக்கும் கதவு பிடித்ததில்லை. பொண்டாட்டிக்குக்கூட.

கவுண்டி என்கிற எங்கள் ஜில்லாவின் ரோடு இலாகாவில் பனி தள்ளும் லாரிக்கு முதல் ஆட்களாக இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கிளெம் விடிந்ததும் கிளம்பிப் போனான். ஆபீஸ் கதவைத் திறந்து காலை உள்ளே வைக்கப் போகும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினான். நெடுநெடுவென்று ஒருவன், காதை மூடிய கம்பளித் தொப்பியோடு, மனுவைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்துகொண்டிருந்தான். கிளெமின் அம்மா பிள்ளையை மரியாதை சொல்லி வளர்த்தவள். கதவைப் பிடித்துக்கொண்டான். நெட்டையன் ஒரு தலையாட்டல்கூட இல்லாமல் உள்ளே போனான். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா லூசில் அவன் பேரை முதலில் எழுதினாள், கிளெமின் பேரை அதற்குக் கீழே எழுதினாள். அவ்வளவுதான், முடிந்தது.

நெட்டையன் பெயர் ரெய்னோ ஹக்கலா.

பேரில் ஒரு வரி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று கேட்பவன் எங்கள் லாரி ஷெட்டில் ஒரு குளிர்காலம்கூட ஓட்டாதவன். இலை எல்லாம் கொட்டி முடிந்து, மான் வேட்டை தொடங்குவதற்கு முன்னால், ஒரு காலையில் மேஸ்திரி பெர்னி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பான். "வருஷம் அதிகம் யாருக்கு?" என்று கத்துவான். அப்படி இருப்பவன் எழுந்து தனக்கு வேண்டிய லாரியையும் ரூட்டையும் சொல்லுவான். பிறகு அடுத்தவன். ரூட்டு நாலு. அதில் ஏரிக்கரை ரூட்டு ஒன்றுதான் மனுஷன் ஓட்டுகிற ரூட்டு. சமதரை, நடுவில் ஒரு ரொட்டிக் கடை, கழிவறை உண்டு. மற்ற மூன்றில் எது குறைந்த நரகம் என்று பார்த்தால் மேட்டு ரூட்டு. லாரிகளிலும் புதுசு ஒன்றுதான். கிளெமுக்கு வாய்த்த பழைய லாரியில் ஹீட்டர் இடது காலுக்கு மட்டும்தான் வேலை செய்யும். வலது கால் தலையெழுத்தே என்று கிடக்கும்.

ஒவ்வொரு வருஷமும் பெர்னி கத்துவான், ரெய்னோ எழுந்திருப்பான். "ஏரிக்கரை. புது லாரி," என்பான். உட்கார்ந்துவிடுவான். அடுத்து எழுகிற கிளெமுக்கு மேட்டு ரூட்டும் பழைய லாரியும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. கிளெமின் வீடு ஏரிக்கரையில், ரெய்னோவின் வீடு மேட்டில். பனி தள்ளும் லாரி போகிற போக்கில் முன்னால் மாட்டிய பெரிய இரும்புத் தகட்டால் ரோட்டுப் பனியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு வீட்டு வாசல் பாதைக்குக் குறுக்கேயும் வரப்பு கட்டினமாதிரி பனி குவிந்துவிடும். டிரைவர் மனசு வைத்தால் வாசல் வரும்போது தகட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். வேண்டியவன் வீட்டுக்குத் தூக்குவான். ரெய்னோ கிளெம் வீட்டுக்குத் தூக்கியதில்லை. கிளெம் ரெய்னோ வீட்டுக்குத் தூக்கியதில்லை. இருபத்தைந்து குளிர்காலம் இவன் அவன் வாசலை மூடினான், அவன் இவன் வாசலை மூடினான், சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் மண்வெட்டி எடுத்தார்கள்.

"வேணும்னே பண்றான்," என்பான் கிளெம்.

"நீ?" என்பாள் அவன் மனைவி நோரீன்.

"நானும்தான். அதனாலதான் எனக்குத் தெரியுது."

ரெய்னோவைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஏனென்றால் அவன் எதையும் சொன்னதில்லை. குளிர்காலம் முழுக்க அவன் பேசினதை நோரீன் ஒரே போனில் பேசி முடித்துவிட்டு அடுத்த போன் போடுவாள். எதிரே லாரி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். அவனுக்கு அது கட்டிப் பிடித்துக் கொஞ்சின மாதிரி. காப்பியைச் சாஸரில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதன் வழியாக உறிஞ்சுவான். அந்தச் சத்தம் கிளெமின் முதுகுத்தண்டில் ஏறும். ஆனால் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாஸ்டியைப் பொறுக்க முடியாது. ட்ரெலோர் வம்சம் சுரங்கத்துக்குள் பாஸ்டி கட்டிக்கொண்டு இறங்கின வம்சம். மாவை மடித்துச் சுட்ட அந்தப் பண்டத்துக்குள் இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் டர்னிப் கிழங்கு, இவ்வளவுதான் வரலாம். ரெய்னோவின் மனைவி இர்மா கேரட் போடுவாள்.

"கேரட்டு!" என்று கிளெம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவான். "அது முயல் திங்கறது."

ரெய்னோ மென்று விழுங்குவான். ரொம்ப நேரம் கழித்து, "நல்லாருக்கு," என்பான்.

ஒரு தடவை ரெய்னோவின் லாரி கிளெம் வீட்டுத் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தது. கிளெம் புதுசு வைத்தான். அதையும் சாய்த்தது. மூன்றாவதாகக் கிளெம் பழைய சுரங்கத்துத் தண்டவாளத் துண்டை ஆழமாகச் சிமெண்டில் நட்டு அதன்மேல் பெட்டியை வைத்தான். அடுத்த பனிக்கு லாரியின் பக்கத் தகடு இரண்டாகப் பிளந்தது. தபால் பெட்டி அசையவில்லை. பெர்னி வந்து பார்த்துவிட்டு, இது தபால் பெட்டியா, கோட்டைச் சுவரா என்று கேட்டான். ரெய்னோ தண்டவாளத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல இரும்பு," என்றான். கிளெமுக்கு அவன் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கவுண்டி போர்டு அந்தத் தீர்மானத்தைப் போட்டது. லூசில் ஷெட்டுக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"முழுப் பென்ஷனுக்கு முப்பது வருஷ சர்வீஸ் வேணும்னு உங்களுக்குத் தெரியும். குறையிறவங்க இனிமே காசு கட்டி வருஷம் வாங்கிக்கலாம். அஞ்சு வருஷம் வரைக்கும். அந்த வருஷம் நீங்க வேலை செஞ்சிருக்க வேண்டாம். செஞ்ச மாதிரி சேத்துக்குவாங்க."

"வேலை செய்யாத வருஷத்துக்குக் காசு கட்டணுமா?" என்றான் பெர்னி. "இங்க பாதிப் பேருகிட்ட அது சும்மாவே கிடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். கிளெம் சிரிக்கவில்லை. இருபத்தைந்தோடு ஐந்து முப்பது. ரெய்னோவுக்கு இருபத்தைந்து. வருஷம் அதிகம் யாருக்கு? அவன் மண்டைக்குள் புது லாரியின் ஹீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது, இரண்டு காலுக்கும்.

அன்று சாயங்காலம் நோரீனிடம் சொன்னான். "என் மீன்பிடி போட்டை விக்கப் போறேன்."

அவள் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜுரம் இல்லையே. என்னைக் குடுத்தாலும் குடுப்பே, அந்த போட்டைக் குடுக்க மாட்டியே நீ."

"சர்வீஸ்ல அஞ்சு வருஷம் வாங்கணும்."

நோரீன் முகம் வெளுத்துப்போனது. "எதுக்கு? பென்ஷன் வாங்கிட்டு வீட்டுல உக்காரவா? கிளெம், சொல்லிட்டேன், நீ பகல்ல வீட்டுல இருந்தா நான் வேலைக்குப் போயிடுவேன்."

"வீட்டுல உக்கார இல்ல. ரெய்னோவை முந்தறதுக்கு."

"ஓ." அவள் மூச்சு திரும்பி வந்தது. "அப்ப சரி. வித்துடு."

போட்டைப் பெர்னியின் மச்சான் வாங்கினான். அந்தப் பணம் பத்தவில்லை. சேமிப்பில் இருந்ததையும் எடுத்துச் சேர்த்துக் கிளெம் லூசிலிடம் கட்டினான்.

"நல்லா யோசிச்சியாப்பா?" என்றாள் லூசில். "கட்டினா கட்டினதுதான். திரும்பக் கிடைக்காது."

"இருபத்தஞ்சு வருஷமா யோசிச்சுட்டேன்."

பாவம், களைத்துப் போயிருக்கிறான், ஓய்வைத்தான் சொல்கிறான் என்று அவள் எண்ணினாள். அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கிளெம் வீட்டு முற்றத்தில் போட்டு நிற்கிற இடம் காலியாகக் கிடந்ததை ரெய்னோ பார்த்தான். ரொட்டிக் கடையில் பெர்னியின் மச்சான் இருந்தான். போட்டு எப்படி வந்தது, எதற்காக வந்தது, கிளெம் என்ன செய்யப் போகிறான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினான். ரெய்னோ கடைசி வரை கேட்டான். "ஓ," என்றான். சாஸரில் மீதியிருந்த காப்பியைக் குடித்தான். மறுநாள் லூசிலின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

*

வாளியைக் கவிழ்க்கும் நாள் வந்தது. கிளெம் அன்று தாடியை மழித்து, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். பெர்னி ஏறினான்.

"வருஷம் அதிகம் யாருக்கு?"

ரெய்னோ முழங்காலில் கையை ஊன்றினான். அதற்குள் கிளெம் எழுந்து நின்றுவிட்டான்.

"எனக்கு. முப்பது."

"உனக்கா? உனக்கு இருபத்தஞ்சுடா."

"இருபத்தஞ்சு உழைச்சது. அஞ்சு வாங்கினது. கூட்டிப் பாரு, கணக்குத் தெரிஞ்சா."

ஷெட்டில் பாதிப் பேர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "வாங்கின அஞ்சு வருஷத்துல நீ எந்த ரூட்டுப்பா ஓட்டினே?"

"எத்தனை தபால் பெட்டி சாய்ச்சே?" என்றது இன்னொன்று.

கிளெம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் ரெய்னோவையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முகத்தில் ஒரு சுருக்கம், ஒரு துடிப்பு, ஏதாவது ஒன்று வேண்டும் அவனுக்கு. ரெய்னோ மெதுவாக எழுந்தான், எழுந்திருக்க அவனுக்கு நேரமாகும், அவ்வளவு உயரம்.

"முப்பது," என்றான்.

"என்னது?" என்றான் பெர்னி.

"எனக்கும்."

கிளெமுக்கு முதலில் காது அடைத்தது. பிறகு வாய் திறந்தது. "வாங்கினியா? நீயும் வாங்கினியா? யோவ், நான் வாங்கினேன்னு தெரிஞ்சுதானே வாங்கினே? பெர்னி, இது செல்லாது. நான்தான் முதல்ல வாங்கினேன். வாங்கினதுல நான்தான் சீனியர்!"

"உழைச்சதுல நான்," என்றான் ரெய்னோ.

ஷெட்டு இரண்டாகப் பிரிந்தது. வாங்கினதுதான் புது வருஷம், அதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்சி. உழைத்தது உழைத்ததுதான் என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரையும் விட்டுவிட்டு லாரியை நமக்குக் கொடுத்துவிடலாமே என்று மூன்றாவது கட்சி. பெர்னி வாளியிலிருந்து இறங்கி லூசிலைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் நடந்ததைக் கேட்டாள். ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அட ஆண்டவனே. இதுக்கா வாங்கினீங்க? ரெண்டு பேருமா?"

லூசில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த அஞ்சு வருஷம் பென்ஷன் கணக்குல மட்டும்தான்யா இருக்கு. இந்த ஷெட்டுக்குள்ள அது செல்லவே செல்லாது. இங்க நீ இருபத்தஞ்சு, அவனும் இருபத்தஞ்சு. அவன் உனக்கு ஒரு கதவு முன்னால, அன்னைக்கு எப்படியோ இன்னைக்கும் அப்படியே."

கதவுக் கதை ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும், ரெய்னோவைத் தவிர. அவனிடம் மட்டும் கிளெம் சொன்னதில்லை. ரெய்னோ எந்தக் கதவு என்று கேட்கிற ஆளும் இல்லை.

கிளெம் கல்யாணச் சட்டையோடு உட்கார்ந்தான். போட்டு போனது. ஏரியில் மீன் பிடிக்கிற ஞாயிற்றுக்கிழமை போனது. முந்தவும் இல்லை.

"அந்தப் பணத்தைத் திருப்பி..."

"கிடைக்காதுன்னு உனக்குத் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னேன்." லூசில் எழுந்தாள். "ஒண்ணு மட்டும் உண்டு. முப்பது வருஷம் ஆயிடுச்சு இல்லையா? நீங்க ரெண்டு பேரும் வேணும்னா நாளைக்கே முழுப் பென்ஷனோட வீட்டுக்குப் போகலாம்."

அப்போதுதான் ரெய்னோவின் முகத்தில் அந்தத் துடிப்பு வந்தது, கிளெம் இத்தனை வருஷம் காத்திருந்த துடிப்பு. ஆனால் காரணம் வேறு.

"யாரும் வீட்டுல சொல்லிடாதீங்க," என்றான் ரெய்னோ.

*

லூசிலும் ரெய்னோவின் மனைவி இர்மாவும் வியாழக்கிழமை தோறும் சேர்ந்து பந்து உருட்டிக் கட்டை சாய்க்கிற ஆட்டத்துக்குப் போகிறவர்கள். லூசில் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பந்தை எடுத்துக்கொண்டே, "கிழவன் இனிமே உன்கூடத்தான் போல, முழுப் பென்ஷனாச்சே," என்று சிரித்தாள். இர்மா தன் பந்தைக் கீழே வைத்தாள். அந்த ஆட்டம் அத்தோடு நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் இர்மா ஷெட்டுக்குள் வந்தாள். ஆள் சின்னவள், போட்டிருந்த பூட்ஸ் ரெய்னோவுடையது. நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"என் அடுப்படி எங்க?"

ரெய்னோ தரையைப் பார்த்தான்.

"ரொட்டி சுட்டு வித்து, கையுறை பின்னி வித்து, புது அலமாரிக்குன்னு சேத்து வச்ச பணம். எங்க?"

"வருஷம் வாங்கினேன்," என்றான் ரெய்னோ.

"எதுக்கு?"

எல்லோரும் கிளெமைப் பார்த்தார்கள். இர்மாவும் பார்த்தாள்.

"நீதானே இதுக்கெல்லாம் ஆரம்பம்?"

"நான் என் போட்டைத்தான் வித்தேன் இர்மா," என்றான் கிளெம் பின்னால் நகர்ந்துகொண்டே.

"நோரீன் ஒண்ணும் சொல்லலையா?"

"வித்துடுன்னு சொன்னா."

"அவ கெட்டிக்காரி. போட்டும் ஒழிஞ்சுது, நீயும் வீட்டுல இல்ல." இர்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "வாங்கிட்டே இல்ல? வாங்கினதை வீணாக்கக் கூடாது. என் பணம் அது. மாசக் கடைசியோட வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வா. மரம் வாங்கித் தரேன், ரம்பம் வாங்கித் தரேன். அலமாரியை உன் கையாலயே செய். கதவு, கீலு, கைப்பிடி எல்லாம். எனக்குப் பிடிக்கிற வரைக்கும்."

"பிடிக்கலைன்னா?" என்று பெர்னி வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"திரும்பச் செய்வான். அவனுக்குத்தான் அஞ்சு வருஷம் மிச்சம் இருக்கே."

மாசக் கடைசியில் ஷெட்டில் கேக் வெட்டினார்கள். கவுண்டிச் சட்டத்தில் பிரிவுபசாரத்துக்குக் காசு கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மண்வெட்டி வாங்கி அதற்குத் தங்கப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெர்னி வாளியில் ஏறிப் பேசினான். பள்ளத்தில் சரிந்த பள்ளிக்கூட பஸ்ஸை ரெய்னோ சங்கிலி போட்டு இழுத்ததையும், பிள்ளைகள் கைதட்டியபோது அவன் லாரிக்குள் ஒளிந்துகொண்டதையும் சொன்னான். ஒருநாள்கூட நேரம் தவறி வந்ததில்லை என்றான். கேரட்டைப் பற்றியும் சொன்னான். "நீ ஏதாவது பேசணுமா?" என்று கேட்டான்.

"கேக் நல்லாருக்கு," என்றான் ரெய்னோ.

தன் கோப்பை, சாஸர், லாரி சீட்டில் போடுகிற மெத்தை எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, தங்க மண்வெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் கதவுப் பக்கம் வந்தான். அதே நேரத்தில் கிளெமும் அங்கே வந்து சேர்ந்தான். வேண்டுமென்று வரவில்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

ரெய்னோ பெட்டியைக் கீழே வைத்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"நீ போ முதல்ல."

கிளெமுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அப்ப உனக்குத் தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே இத்தனை வருஷம் கல்லு மாதிரி உக்காந்திருந்தியா?"

"என்ன தெரியும்?"

"கதவு! ஆபீஸ் கதவு! மனு குடுக்க வந்த அன்னைக்கு. நான் பிடிச்சேன், நீ பூந்தே, உன் பேரு மேல போச்சு!"

ரெய்னோ யோசித்தான். அவன் யோசிப்பது பனி உருகுகிற வேகம். உள்ளே ஊதல் காற்று அடித்தது.

"அது நீயா?"

"பின்ன யாரு?"

"காத்துல திறந்துக்கிச்சுன்னு இருந்தேன்."

இருபத்தைந்து வருஷம் கிளெம் ஒரு மனுஷனை வெறுத்தான்; அந்த மனுஷன் காற்றுக்கு நன்றி சொல்லியிருக்கிறான், அதையும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டான்.

"எவன்டா கதவைத் திறந்து போட்டது?" என்று உள்ளேயிருந்து பெர்னி கத்தினான். "ஹீட்டர் காசை உங்கப்பனா கட்டறான்?"

"அப்புறம் இப்ப எதுக்குய்யா என்னை முதல்ல போகச் சொன்னே?" என்றான் கிளெம்.

"பெட்டிக்கு ரெண்டு கை வேணும். நீ அந்தப் பக்கம் போனா பிடிப்பேன்னு நினைச்சேன்."

கிளெம் அந்தப் பக்கம் போனான். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக ரெய்னோ ஹக்கலாவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரெய்னோ பெட்டியோடு வெளியே போனான். போகும்போது பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான்.

*

ரெய்னோவின் ரூட்டும் லாரியும் காலியானதால் பெர்னி மறுபடியும் வாளியில் ஏறினான். "வருஷம் அதிகம் யாருக்கு?"

ஷெட்டே கிளெமைப் பார்த்தது. கிளெம் எழுந்தான். இந்தக் கணத்துக்கு அவன் என்னென்னவோ வைத்திருந்தான், நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டிய வார்த்தைகள். பழக்க தோஷத்தில் கண் மட்டும் ரெய்னோ உட்காருகிற பெஞ்சுக்குப் போனது. அங்கே எவனோ தன் பாஸ்டியை வைத்திருந்தான்.

"புது லாரி," என்றான் கிளெம். கொஞ்சம் நிறுத்தினான். "மேட்டு ரூட்டு."

"ஏரிக்கரையை விட்டுட்டா?" பெர்னி வாளியிலிருந்து விழப் பார்த்தான். "பைத்தியமாடா உனக்கு? இதுக்காகத்தானே போட்டை வித்தே!"

"அந்த ஆளு இனிமே நாள் பூரா வீட்டுல இருப்பான்," என்றான் கிளெம். "நான் கட்டற வரப்பை அவன் கண்ணால பாக்கணும்."

ஷெட்டு சிரித்தது. கிளெமும் சிரித்தான். உண்மையிலேயே அதற்காகத்தான் எடுத்தான்.

முதல் பெரும் பனி டிசம்பர் தொடக்கத்தில் விழுந்தது. கிளெம் இரண்டு காலும் சூடாக மேட்டில் ஏறினான். ரெய்னோ வீடு வருவதற்கு முன்னாலேயே தகட்டை நன்றாக இறக்கி, ரோட்டில் இருந்த பனியையெல்லாம் வாரிச் சேர்த்துக்கொண்டு வந்தான். இந்த வாசலை வசந்தம் வரைக்கும் எவனும் திறக்கக் கூடாது.

அப்போது அடுப்படி ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ரெய்னோ நின்றான். இடுப்பில் தச்சுப் பை. புருவமெல்லாம் மரத்தூள். ஒரு அலமாரிக் கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றிருந்தான். அவன் இடுப்புயரத்தில் இர்மா, ஒரு பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்து, கையால் இன்னும் மேலே, இன்னும் மேலே என்று காட்டிக்கொண்டிருந்தாள். ரெய்னோ லாரிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். கூண்டுக்குள் அடைபட்ட கரடி ரோட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

கிளெமின் கை தானாக நெம்புகோலைத் தொட்டது. தகடு மேலே எழுந்தது. லாரி ரெய்னோவின் வாசலைத் தாண்டியது, வாசல் துடைத்த மாதிரி கிடந்தது.

"வயசாயிடுச்சு எனக்கு," என்று கிளெம் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்த பனிக்கும் தூக்கினான். அதற்கடுத்த பனிக்கும் தூக்கினான். இதை ஷெட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நோரீன் கார் கதவை அவள் கேட்காமலே திறந்து பிடித்தான். அவள் பயந்துபோய் மறுபடியும் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்கடுத்த தடவை வளைவு திரும்பினதும் ரெய்னோ நடு ரோட்டில் நின்றான். காதை மூடிய அதே கம்பளித் தொப்பி. கையில் தங்க மண்வெட்டி, பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. கிளெம் பிரேக்கை மிதித்தான். நன்றி சொல்லத்தான் இத்தனை தூரம் வந்து நிற்கிறான் என்று தோன்றியது. அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, கேட்க ஆசையாகவும் இருந்தது. கண்ணாடியை இறக்கினான்.

ரெய்னோ படியில் ஏறி ஜன்னல் வரைக்கும் வந்தான். திரும்பி வீட்டைப் பார்த்தான். அடுப்படி ஜன்னலில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டான்.

"நீ தகட்டைத் தூக்கறே," என்றான்.

"ஆமா," என்றான் கிளெம். "அதை விடு. இதுக்கெல்லாம் போயி..."

"தூக்காதே."

"என்னது?"

பிறகு ரெய்னோ ஹக்கலா தன் ஆயுசில் பேசின மிக நீளமான பேச்சைப் பேசினான். அவன் மூச்சு புகையாக வந்து கிளெமின் முகத்தில் அடித்தது.

"பனி பெய்ஞ்சுதேன்னு சந்தோஷமா வெளிய வரேன். வந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. வெட்ட வெறும் வாசல். 'வேலை இல்லையா, சரி உள்ள வா, அந்தக் கீலு கோணலா இருக்கு'ன்றா. மூணு தடவை இதே கதை. முன்னெல்லாம் நீ போட்டுட்டுப் போற வரப்பு இருக்கே, அதை வெட்டி எடுக்க ரெண்டு மணி நேரம் ஆகும். மெதுவா வெட்டினா மூணு. நடுவுல நின்னு ஏரியைப் பாக்கலாம்." அவன் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அலமாரி முடிஞ்சிருச்சு. இப்ப சுவருக்குப் பேப்பர் ஒட்டணுமாம். பூப் போட்டது."

கிளெம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது, அல்லது வேறு ஏதாவது.

ரெய்னோ படியிலிருந்து இறங்கினான். இரண்டடி போனவன் திரும்பி வந்தான். அவன் வாயிலிருந்து தன் பேரைக் கிளெம் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டான்.

"கிளெம். தகட்டை நல்லா இறக்கு. எதிர்ப்பக்கத்துப் பனியையும் சேத்து வாரி என் வாசல்ல தள்ளிட்டுப் போ. ஏப்ரல் வரைக்கும்."